இந்தித் தொடருக்கு என் மனைவி சொன்ன கதை

டி.வி. பார்ப்பதில் என் கணிப்பு இதுவரை தப்பியதில்லை. சோமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் முதன்முதலாகக் கலர் டி.வி. வாங்கியவன் நான். நான் நன்றாக இருக்கிறது என்று சொன்ன தொடர் எதுவும் பாதியில் நின்றதில்லை. விளங்காது என்று சொன்னது எதுவும் நிலைத்ததில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூலிக்குத் தறி ஓட்டி, வாடகைக்குத் தறி பிடித்து, பிறகு சொந்தத் தறி போட்டு, இன்றைக்கு ஒரு குடோன் நிறையத் தறி வைத்திருக்கிறேன். யாரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. அதனால் எதைப் பற்றியும் என் வாயால் நானே சொல்வதற்கு எனக்குத் தயக்கம் கிடையாது.

இப்போது சாயங்காலம் ஓடுகிற ஒரு தொடரில் ஒரு மில் முதலாளி வருகிறார். ஓடுகிற தறிகளுக்கு நடுவில் கோட்டுப் போட்டு நின்றுகொண்டு, மெல்லிய குரலில் மகளிடம் குடும்ப ரகசியம் பேசுகிறார். மகளும் அதே குரலில் பதில் சொல்கிறாள். நான் சிரித்துவிட்டேன். தறி ஓடும்போது உள்ளே நின்று கத்தினாலும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. நாங்கள் கத்துவதும் இல்லை. கண்ணாலும் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்வோம். நூல் தீர்ந்துவிட்டது என்றால் ஒரு சாடை, டீ வந்துவிட்டது என்றால் ஒரு சாடை, முதலாளி வருகிறார் என்றால் இல்லாத மீசையை முறுக்குகிற ஒரு சாடை. குடோனின் அந்தக் கோடியில் ஒருத்தியும் இந்தக் கோடியில் ஒருத்தியும் நின்றுகொண்டு ஒரு கல்யாணப் பேச்சையே முடித்துவிடுவார்கள். தொடர் எடுத்தவர்கள் ஒரு நாள் இங்கே வந்து நின்றிருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

விவசாய நிகழ்ச்சி பரவாயில்லை. ஆனால் அதில் வருகிற விவசாயிகளின் வேட்டி சலவைக்குப் போய் அப்போதுதான் வந்ததுபோல இருக்கிறது. காலேஜ் பையன்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற நிகழ்ச்சியை நான் விடாமல் பார்ப்பேன். விடை தெரியாவிட்டாலும் எந்தப் பையனுக்குத் தெரியும், எவன் முழிக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்வதில் என்னைவிடப் பெரிய ஆள் என் வீட்டிலேயே இருந்தாள். எனக்குத்தான் அது எப்படி வந்தது என்று தெரியாமல் இருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய தொடர் அது. சமீபத்தில் வந்த புதுத் தொடரும் அதுதான்.

கலர் டி.வி. வாங்கிய புதிதில் மொட்டை மாடியில் இரும்புப் பைப் நட்டு, ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேன். காற்றடித்தால் ஓர் ஆள் மாடிக்குப் போய்ப் பைப்பைத் திருப்ப வேண்டும். அப்போது தமிழில் வருவது கொஞ்சம். மற்றதெல்லாம் டெல்லியிலிருந்து வருகிற இந்தி. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தறி ஓடாது. அன்றைக்கு ஒரு குடும்பத் தொடர் வரும். வடக்கே ஏதோ ஒரு பெரிய வீடு, கண்டிப்பான ஒரு விதவைத் தாய், மூன்று மகன்கள், அவர்களின் பெண்டாட்டிமார். எங்கள் தறியில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு எங்கள் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒருத்திக்கும் இந்தி தெரியாது. எனக்கும் தெரியாது. கதை சொன்னது என் மனைவி.

டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, பாதி டி.வி.யையும் பாதி பெண்களையும் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வாள். ஓர் ஆள் வாயைத் திறந்து மூடுவதற்குள் அவன் என்ன சொன்னான் என்று சொல்லிவிடுவாள்.

"இந்த மூத்த மருமக இருக்கறாளே, இவ சிரிக்கறா, ஆனா வவுத்துக்குள்ள எரியுது. சின்னவளுக்குச் சீலை எடுத்துக் குடுத்துட்டாங்கன்னு."

"அதெப்பிடி அக்கா கண்டீங்க?"

"கழுத்தப் பாரு புள்ள. சிரிக்கறவ கழுத்துல அப்பிடியா நரம்பு பொடைக்கும்?"

பெண்கள் கழுத்தைப் பார்ப்பார்கள். ஆமாம், புடைத்திருக்கும். அடுத்த வாரம் அந்த மூத்த மருமகள் சின்னவளின் சேலையை அடுப்பில் போடுவாள். எங்கள் ஹாலே ஆர்ப்பரிக்கும். "அக்கா போன வாரமே சொல்லுச்சல்லோ!"

எனக்கு அதில் ஒரு கர்வம். கூலிக்காரியாக என்னோடு தறி ஓட்டியவள், ஒரே ஆளாக நான்கு தறியை நின்று பார்த்தவள், இன்றைக்கு டெல்லிக்காரன் எடுத்த கதையைத் தமிழில் சொல்கிறாள். ஒரு நாள் ஈரோட்டிலிருந்து துணி வாங்க வந்த சேட்டு ஒருவர் நேரமாகிவிட்டதால் எங்கள் ஹாலில் உட்கார்ந்து முழுத் தொடரையும் பார்த்தார். வடக்கே பிறந்து இங்கே வளர்ந்தவர். வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஏனுங்க சேட்டு, எங்கூட்டுக்காரி சொல்றது சரிதானுங்களா?"

அவர் வெற்றிலையை மென்றபடி சிரித்தார். "அந்தக் கதையவிட இது நல்லா இருக்குங்க. இப்படியே போகட்டும்."

நான் அதை நற்சான்றாக எடுத்துக்கொண்டேன். ஊர் முழுக்கச் சொன்னேன்.

அந்தத் தொடர் முடிந்து சில வருஷம் ஆயிற்று. நான் மேலும் தறி வாங்கினேன். வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டினேன். கேபிள் வந்தது. மரத்துக்கு மரம் ஒயரை இழுத்துக் கட்டி, மாசம் தவறாமல் வசூலுக்கு வந்தான் கேபிள்காரன். இந்தி டி.வி.யை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஆயிற்று. நாள் பூராவும் தமிழ். பெண்கள் அவரவர் வீட்டிலேயே சின்ன டி.வி. வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தானாகவே நின்றது. என் மனைவி தமிழ்த் தொடர்களைத் தனியாகப் பார்ப்பாள். என்னிடம் அவற்றைப் பற்றிப் பேசமாட்டாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மகனுக்குக் கல்யாணம் செய்தேன். பெண் காரமடைக்காரி. பீளமேட்டில் தங்கிப் படித்து பி.காம். முடித்தவள். படித்த மருமகளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தவன் நான்தான். வந்த புதிதில் அவள் சமையல்கட்டிலேயே நிற்பாள், பேச்சு குறைவு. மாமியாரோடு இன்னும் ஒட்டவில்லை என்று தெரிந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை பேப்பரில் விளம்பரம் வந்தது. அந்தப் பழைய இந்தித் தொடரை மறுபடி போடுகிறார்கள், அதே ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆனால் தமிழில் குரல் கொடுத்து. நான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தாயின் படத்தை என் மனைவியிடம் காட்டினேன். "உன்ற தொடர் நாளைக்கு வருது!" என்றேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. தமிழில் வருகிறது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. டி.வி. பேசினால் தெரிந்துவிடுகிறது.

அவள் அன்றைக்கே ஆள் அனுப்பிப் பழைய பெண்களையெல்லாம் கூப்பிட்டாள். மறுநாள் எல்லோரும் வந்தார்கள். நாங்கள் கூலிக்காரர்களாக இருந்த காலத்திலிருந்து எங்களோடு இருக்கிற, தறிக்கு நூல் சுற்றுகிற மூத்த பெண் ஒருத்தியும் வந்தாள். என் மனைவி முறுக்குச் சுட்டு வைத்திருந்தாள். அதே முக்காலியை எடுத்துப் போட்டு, அதே இடத்தில் உட்கார்ந்தாள். மருமகள் கதவோரம் நின்றாள்.

தொடர் தொடங்கியது. அதே வீடு. அதே தாய். வாய் இந்தியில் அசைந்தது, குரல் தமிழில் வந்தது.

"அட, தமிழ்ல பேசறாங்கடி!" என்றாள் பின்னால் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் அவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கதை சொல்லத் தொடங்கினாள்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஏதோ பழைய ஞாபகத்தில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். டி.வி. ஒரு பக்கம் பேச, இவள் ஒரு பக்கம் பேச, பெண்கள் இரண்டுக்கும் நடுவில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த இடம் வந்தது. இளைய மகன் வாசற்படியில் நிற்கிறான். தாய் கண்ணீர் வடிய அவனைப் பார்க்கிறாள். அவன் குனிந்து அவள் காலைத் தொடுகிறான்.

என் மனைவி பெண்கள் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"போயிட்டு வா சாமி. நல்லாப் படிச்சுப்போட்டு வா. இந்த ஊட்டுக் கதவு உனக்கு எப்பவும் தொறந்தே இருக்கும்னு சொல்றா பாருங்க."

அதே நேரத்தில் டி.வி.யில் அந்தத் தாய், ஊருக்கே கேட்கிற குரலில், தெளிவான தமிழில் சொன்னாள். திருடிய கையால் என் காலைத் தொடாதே. இனிமேல் இந்த வாசற்படியை மிதித்தால் நான் உன் பிணத்தைத்தான் பார்ப்பேன்.

கதவோரத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மருமகள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் இரண்டு பேருக்குத் தொற்றிக்கொண்டது. பிறகு எல்லாம் நின்றது. ஹாலில் டி.வி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

என் மனைவி டி.வி.யைப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நூல் சுற்றுகிறவளின் முகத்தில் வந்து நின்றாள். அந்தப் பெண் மட்டும் தலையைக் குனியவில்லை. தறிக்குடோனுக்குள் பேசுகிற மாதிரி, குரல் இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னாள். எனக்கும் அது புரிந்தது. 'தமிழ்ல பேசறாங்க அம்மிணி.'

என் மனைவி தலையை ஆட்டினாள். "அடுப்புல பால் வெச்சிருக்கறேன்," என்று எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். முறுக்குத் தட்டு அப்படியே இருந்தது. எனக்கு என்ன நடந்தது என்று அப்போதும் முழுசாகப் பிடிபடவில்லை. கோபம் மட்டும் வந்தது. மருமகளைக் கூப்பிட்டேன்.

"படிச்ச புள்ளையின்னு கூட்டியாந்தேன். நாலு பேரு முன்னால மாமியாளப் பாத்துச் சிரிக்கறயா?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "மாமா, அத்தைக்குக் காது கேக்கறதில்லீங்க."

"என்ன பேச்சுப் பேசற?"

"நெசமாத்தானுங்க. பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க. நான் வந்ததுல இருந்து எத்தனையோ தடவ கூப்பிட்டுப்போட்டேன். என்னையப் புடிக்கலைன்னு நெனச்சேனுங்க. எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லி அழுதேன். இப்பத்தானுங்க எனக்கே தெரிஞ்சுது."

நான் உட்கார்ந்துவிட்டேன். நானும் பின்னால் நின்று கூப்பிட்டிருக்கிறேன். திரும்பாதபோது, பெரிய வீட்டுக்காரி ஆனதும் வந்த மிதப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்னால் போய் நின்று பேசினால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லுவாள். அதிலும் என் தொண்டை பெரிசு. தறிக்காரர் வீடுகளில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று யார் பார்த்தார்கள்?

அந்த வாரமே கோயமுத்தூருக்கு, காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். "எனக்கொண்ணும் இல்லீங்க," என்று கார் ஏறும்வரை சொன்னாள். அங்கே கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவளை உட்காரவைத்து, காதுகளில் கருவி மாட்டினார்கள். வெளியே ஒரு பெண் மெஷினின் பொத்தானை அமுக்குவாள். சத்தம் கேட்டதும் இவள் விரலைத் தூக்க வேண்டும். நான் வெளியே நின்று பார்த்தேன். அந்தப் பெண் அமுக்க அமுக்க, என் மனைவி சரியாக விரலைத் தூக்கினாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. மருமகளைப் போய்க் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷின்காரப் பெண் எழுந்து உள்ளே போனாள். "அம்மா, நான் அமுக்கறப்ப என் தோளு அசையறதப் பாக்கக் கூடாதுங்க," என்று சிரித்தபடி சொல்லி, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். வெளியே வந்து மறுபடி அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். கண்ணாடி வழியாக எனக்கு என் மனைவியின் முதுகும், மடிமீது வைத்திருந்த கையும் தெரிந்தன. விரல் எழவில்லை. அந்தப் பெண் ஒரு குமிழைத் திருகித் திருகி மேலே கொண்டுபோனாள். கடைசிக்குக் கிட்டத்தில் ஒரு தடவை விரல் சந்தேகத்தோடு பாதி எழுந்து, அப்படியே இறங்கிவிட்டது.

நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். வருஷக்கணக்காகச் சத்தத்துக்குள் நின்றதால் வருவது, திரும்பாது, கருவி மாட்டினால் கொஞ்சம் கேட்கும் என்றார். சட்டைப் பையில் வைக்கிற டப்பாவும் ஒயருமாக ஒரு கருவியை எழுதிக் கொடுத்தார். இருக்கிறதிலேயே விலை கூடியதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

திரும்பி வரும்போது நான்தான் காரை ஓட்டினேன். அவிநாசி ரோட்டில் ஓடுகிற காரில் பேசிப் பயனில்லை, நான் ரோட்டைப் பார்க்க வேண்டும், அவள் என் முகத்தைப் பார்க்க வேண்டும். நீலம்பூரைத் தாண்டி ஒரு புளியமரத்து நிழலில் காரை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"எப்ப இருந்து?"

"பையன் பள்ளிக்கூடம் போறப்பவே கொறைய ஆரமிச்சுதுங்க."

"அப்பறம் எப்பிடித் தறி ஓட்டுன? நூல் அறுந்தா, தறி நின்னா எப்பிடித் தெரியும்?"

"கால்ல தெரியுமுங்க. தரை அதிருமல்லோ. ஒரு தறி நின்னாப் பாதத்துல வேற மாதிரி இருக்கும்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

அவள் வெளியே ரோட்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"சொன்னாத் தறிய விட்டு எறக்கிப்போடுவீங்க. அப்ப வாடகைத் தறி நாலுதான் நம்மகிட்ட. எனக்குப் பதிலா ஒரு ஆளுக்குக் கூலி குடுத்திருந்தா சொந்தத் தறி எப்பிடிப் போட்டிருப்போம்? நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். பொறவு தறியே நெறைய ஆயிப்போச்சு. அப்பச் சொல்லி என்ன பண்ணறதுங்க?"

ஊரில் எத்தனையோ பேரிடம் நான் தனி ஆளாக மேலே வந்த கதையைச் சொல்லியிருக்கிறேன். அவள் பக்கத்தில் நின்று காப்பி கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் சொன்னதெல்லாம் அவளுக்குக் கேட்டதா என்றுகூட இப்போது தெரியவில்லை.

"அந்த இந்தித் தொடருக்கு எப்பிடிக் கதை சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "அதுல யாருக்குத்தான் கேட்டுதுங்க? அந்தப் பாஷை ஒருத்திக்கும் தெரியாதல்லோ. ஞாயித்துக்கெழம காத்தால அந்தச் சித்த நேரம் எல்லாரும் என்னையாட்டத்தான் உக்காந்திருந்தாங்க. எல்லாருக்கும் மூஞ்சி மட்டுந்தான் தெரிஞ்சுது. எனக்கு அது கொஞ்சம் நல்லாத் தெரிஞ்சுது." சிரிப்பு அடங்கியதும், "தமிழ்ல வருதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள். காரைக் கிளப்பினேன்.

கருவியை ஒரு நாள் மாட்டிப் பார்த்தாள். பாத்திரம் விழுகிற சத்தமும் குடோன் சத்தமும் ஒன்றாக மண்டைக்குள் இறங்குகிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டாள். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அவள் ஹாலுக்கு வராமல் போனதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள், பழக்கத்தில். அவள் சமையல்கட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒருத்தி உள்ளே போய்க் கூப்பிட்டதற்கு, "எனக்கென்ன தெரியுமுன்னு கூப்பிடற கண்ணு?" என்றாளாம். குடோனுக்கும் வருவதை நிறுத்திக்கொண்டாள். நூல் சுற்றுகிறவளோடு பேசுவதற்குக்கூட வாசலுக்கு வரவில்லை. இத்தனை வருஷமாக எந்த அதிகாரமும் கேட்காதவள். அந்த முக்காலி ஒன்றுதான் அவள் தானாகச் சம்பாதித்துக்கொண்டது. அதுவும் போய்விட்டது. இனிமேல் அவள் வீட்டுக்குள் ஓர் ஓரத்தில் ஒடுங்கிவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்குப் பயம் வருவது அபூர்வம்.

சரிசெய்ய வேண்டியது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்களையெல்லாம் நானே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"இன்னைக்கு டி.வி.க்குச் சத்தமே வெக்கப் போறதில்ல. முன்னையாட்டம் அவ கதை சொல்லட்டும். ஒருத்தியும் வாயத் தொறக்கப்படாது, சொல்லிப்போட்டேன்."

"சரிங்கண்ணா," என்றார்கள். முறுக்குச் சாப்பிடக்கூட யாரும் கையை நீட்டவில்லை. இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். ரிமோட்டில் சத்தத்தை அடைத்தேன். உள்ளே போய் அவள் முன்னால் நின்று, "வா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கறாங்க," என்றேன். என் முகத்தையே பார்த்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஹால் வாசலில் நின்றாள். பெண்களைப் பார்த்தாள். டி.வி.யைப் பார்த்தாள். சத்தத்தை அடைத்தால் திரையின் மூலையில் பச்சை எழுத்தில் ஏதோ வந்து நிற்கும். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எதற்காக அது வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"இதெதுக்குங்க?" என்று என்னிடம் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும், நீ உக்காரு."

"குடுங்க."

ரிமோட்டைக் கொடுத்தேன். பொத்தானை அமுக்கினாள். பச்சை எழுத்து மறைந்து குரல் வந்தது. இன்னும் அமுக்கினாள், இன்னும். டி.வி. அலறியது. அவள் டி.வி.யைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி முகத்தைச் சுளித்ததும் குறைக்கத் தொடங்கினாள்.

"இப்பச் சரியா இருக்குதா?"

"சரியா இருக்குதுங்கக்கா."

முக்காலியைக் காலால் சுவரோரம் தள்ளினாள். பெண்களுக்கு நடுவில் பாயில் போய் உட்கார்ந்தாள். கதவோரம் நின்ற மருமகளைக் கையால் கூப்பிட்டு, தன் முன்னால் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க வா அம்மிணி. டி.வி.க்கு முதுகக் காட்டி, என்னையப் பாத்து உக்காரு. அவிய பேசறது உனக்குக் கேக்குமல்லோ. கேட்டு எனக்குச் சொல்லு."

மருமகள் வந்து உட்கார்ந்தாள். டி.வி.யில் அந்த இளைய மகன் யாருக்கும் தெரியாமல் கோயிலுக்கு வந்து தாயைப் பார்க்கிறான். தாய் அவனைப் பார்த்ததும் கொதித்துப் பேசுகிறாள்.

"அத்தை!" என்று மருமகள் கத்தினாள்.

"கத்தாத கண்ணு. சத்தம் எனக்கு வேண்டாம். வாயத் தொறந்து மெதுவாச் சொல்லு."

"அவிய பையனைத் திட்டறாங்கத்தை. நகையத் திருடிட்டயே, குடும்ப மானத்தக் கெடுத்துட்டயேன்னு திட்டறாங்க."

"அவன் என்ன சொல்றான்?"

மருமகள் காதைக் கொடுத்துக் கேட்டாள். "நாந்தான் எடுத்தேன், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்றானுங்க."

என் மனைவி மருமகளின் தலைக்கு மேலாக டி.வி.யையே பார்த்தாள். அந்தப் பையனின் முகம் திரை முழுவதும் இருந்தது. பெண்கள் யாரும் அசையவில்லை. இவ்வளவு நாளும் தான் சொன்ன கதை பொய் என்று இப்போது எல்லோர் முன்னாலும் ஆகிவிட்டதே, எழுந்து போய்விடுவாளோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல கண்ணு," என்றாள். "அவன் எடுக்கல."

"அவனே சொல்றானுங்கத்தை!"

"வாயி சொல்லுது. நீ திரும்பி அவன் கண்ணப் பாரு. யாரையோ காப்பாத்தறதுக்குச் சொல்றான்."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். நூல் சுற்றுகிறவள் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி அவள் முகத்துக்கு நேராக வந்து, "அந்த மூத்த மருமவளா இருக்குமோ அக்கா?" என்றாள். "பொறு, பொறு," என்று என் மனைவி கையைக் காட்டினாள். பிறகு மருமகளின் தாடையைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள். "இப்ப அந்தம்மா என்ன சொல்றா?"

அந்தத் தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியில் முழுதாகப் பார்த்த எங்கள் யாருக்குமே அவன் திருடினானா இல்லையா என்று தெரியாது.